வலது கால் முன்னுக்கு

வுப்பர்டால்
4 நவம்பர் 2024

வைதேகிக்கு,

இது தொலைபேசியில் கேட்கக்கூடிய விடயம்தான். ஆனால் மார்ச் மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. இப்போது பேசினால் நீர் அழுவீர், அல்லது நான் குரலை உயர்த்துவேன். இரண்டும் எனக்கு வேண்டாம். எழுதினால் இருவரும் யோசித்துத்தான் எழுதவேண்டியிருக்கும்.

மதீசனின் ஆட்டைத் திவசம், முதல் வருடத்தது, திதிப்படி ஜனவரிக் கடைசியில் வருகிறது. அவனுக்குத் தகப்பனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆகவே என் கணவரின் தம்பி மகன் தபோதரன்தான் செய்வான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் அவன்தான் செய்தான். அன்று ஐயருக்குக் குடை, செருப்பு, வேட்டி, விளக்கு எல்லாம் தானம் கொடுத்தோம். தபோதரன் அவசரத்தில் வாங்கி வந்தவை. செருப்பு நாற்பதாம் அளவு. என் மகனின் பாதம் நாற்பத்து நான்கு. அதை நான் அப்போதே கவனித்தேன். சபையில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தச் செருப்பு என் மனதில் கிடக்கிறது.

குடையும் செருப்பும் எதற்குக் கொடுக்கிறோம்? போகிற வழியில் தலையில் வெயில் படக்கூடாது, காலில் முள் குத்தக்கூடாது என்பதற்காக. மதீசன் வெயிலிலும் முள்ளிலும் வளர்ந்தவன் அல்ல. இந்த ஊரில் பிறந்து இந்த ஊர்க் குளிரில் வளர்ந்தவன். அவன் போகிற வழி பனியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஆகவே இந்தத் திவசத்தில் அவனுடைய பனிச்சறுக்குப் பலகையைத் தானமாகக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன்.

அது உம்மிடம் இருக்கிறது. தபோதரன் காரில் வந்து எடுத்துக்கொள்வான். எந்தச் சனிக்கிழமை வசதி என்று எழுதவும்.

பாலாம்பிகை இராசலிங்கம்

*

வால்டோர்ஃப்
11 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இருக்கும் என்று நினைத்தேன். செருப்பு சைஸ் இருந்தது.

முப்பத்தோராம் நாள் எனக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது. ஐயர் கேட்டார்: "பிள்ளைக்கு நல்ல விருப்பமான சாமான் ஏதும் இருக்கோ?" உங்கள் வீட்டு ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தீர்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த நான் "ஸ்னோபோர்டு" என்றேன். தபோதரன் சிரித்தார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விளையாட்டுச் சாமானை ஆரும் தானம் குடுக்கிறதோ? சும்மா இருக்கச் சொல்லுங்கோ அவவை" என்றீர்கள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த என் அம்மாவிடம் சொன்னீர்கள்.

இப்போது அதே போர்டு தானத்துக்கு உகந்த பொருளாகிவிட்டது.

தர மாட்டேன். அது எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அவன் கடைசியாக மெழுகு தேய்த்து நிறுத்தியபடியே நிற்கிறது. விரல் தடம்கூட அதில் இருக்கிறது. தபோதரன் வர வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

கட்டாயம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இது குடை மாதிரி இல்லை. யார் ஓட்டுவது, எடை என்ன, பாதம் எவ்வளவு, எந்தக் கால் முன்னால், மலையில் எங்கெல்லாம் போகிற ஆள் என்று தெரியாமல் நல்ல கடையில் விற்க மாட்டார்கள். போய்ப் பாருங்கள். உங்கள் மகனைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு உங்களால் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

வைதேகி

*

வுப்பர்டால்
20 நவம்பர் 2024

வைதேகிக்கு,

முதலில் ஒரு திருத்தம். எங்களிடம் கணவரின் தாய் மாமி. அத்தை என்று நீர் எழுதும்போது அது வேறு யாருக்கோ எழுதிய கடிதம் போல இருக்கிறது.

சவால் விட்டிருந்தீர். போனேன். டுசெல்டோர்ஃபில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடை. மூன்றாம் மாடி முழுவதும் பலகைகள். மீன்கடையில் மீனைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல வரிசையாக நிற்கின்றன. அங்கே தாடி வைத்த ஒரு விற்பனையாளர் வந்து, "உங்களுக்கா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்காகக் கதைத்தார்.

"என் மகனுக்கு," என்றேன்.

"அவரையே கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுதான் நல்லது."

"அவர் வரமாட்டார்."

எடை கேட்டார். கடைசியாக என் வீட்டுக் குளியலறைத் தராசில் ஏறியபோது எண்பத்து நான்கு. சோற்றைக் குறைக்கச் சொன்னேன், சிரித்தான். அதைச் சொன்னேன். பாதம் நாற்பத்து நான்கு என்றேன். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே போனார். இயந்திரத்தால் பனியைச் சமப்படுத்திய சரிவிலா, பனிப் பூங்காவில் குதிக்கிறவரா, காட்டுப் பக்கம் போகிறவரா? பலகை இறுக்கமானதா, வளைகிறதா? எந்தக் கால் முன்னுக்கு? தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டு நின்றேன். கொன்வென்ற்றில் பாடம் தெரியாமல் எழும்பி நின்ற பிள்ளைகளை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

நீர் எதிர்பார்த்ததும் இதைத்தான். உமக்குத் திருப்தி என்றால் இருக்கட்டும்.

தெரியாமல் போனதற்கு நான் மட்டும் காரணமா என்று நீர் ஒருநாளாவது யோசித்தீரா? உம்மைச் சந்திக்கும் வரைக்கும் அவன் தைப்பொங்கலுக்கு இந்த வீட்டில் இருப்பான். பிறகு ஒவ்வொரு தையும் அவனுக்கு மலைதான்.

பதிலை விபரமாக எழுதவும். ஊகம் வேண்டாம்.

பாலாம்பிகை இராசலிங்கம்

*

வால்டோர்ஃப்
1 டிசம்பர் 2024

மாமிக்கு,

விபரமாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதை எழுதும்போது அவனைப் பற்றி யாரோ என்னிடம் கேட்டதுபோல இருந்தது. கேட்டது நீங்கள் என்பதை மறந்துவிட்டு எழுதினேன்.

அவன் காலையில் பூங்காவில் குதிப்பான். கம்பி மேலே சறுக்குவது, மேட்டிலிருந்து சுற்றிக்கொண்டு பாய்வது. மத்தியானத்துக்கு மேல் மலை முழுக்கச் சுற்றுவான். புதுப் பனி விழுந்தால் மரங்களுக்கு நடுவே. இரண்டுக்கும் தனித்தனி போர்டு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவனுக்குப் பிடிக்காது. "ரெண்டு இருந்தா காலமை எதை எடுக்கிறது எண்டு யோசிச்சே நாள் போயிடும்" என்பான். ஆகவே எல்லாவற்றுக்கும் ஆகிற ஒன்று. ரொம்ப இறுக்கமாக இருந்தால் வேகத்தில் நடுங்காது, ஆனால் பூங்காவில் வளையாது. ரொம்ப மென்மையாக இருந்தால் விளையாட நன்றாக இருக்கும், கடினமான பனியில் வழுக்கிவிடும். அவன் எடுத்தது நடுத்தரம். காலுக்குக் கீழே வில் மாதிரி வளைந்து பனியைப் பிடிக்கும், இரண்டு நுனியும் மேலே தூக்கி இருக்கும். நீளம் நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டர், அவன் பாதத்துக்காக அகலமானது. இல்லையென்றால் விரல் பனியில் இடிக்கும்.

முன்னும் பின்னும் ஒரே அச்சாக இருக்கும் போர்டு அது. ட்வின் என்று சொல்லுவார்கள். எந்தக் காலை முன்னால் வைத்தும் போகலாம். அவன் மறு காலை முன்னால் வைத்துத் திரும்பி ஓட்டுவதில் கெட்டிக்காரன், அதனால் அது அவசியம்.

அவன் வலது கால்காரன். நிறையப் பேர் இடது காலைத்தான் முன்னால் வைப்பார்கள். உண்மையில் அவனும் இடது கால்காரனாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்கூலில் வின்டர்பெர்க் மலைக்குக் கூட்டிப்போனபோது வாத்தியார் எந்தக் கால் முன்னால் என்று கேட்டாராம். அவன் யோசிக்காமல் வலது என்றானாம். "அம்மா பழக்கினது. எந்த வீட்டுக்க போனாலும் வலது காலைத்தான் எடுத்து வைக்கோணும். அதுதான் டக்கெண்டு வலது எண்டிட்டன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தப்பான காலில் கற்றுக்கொண்டதால்தான் இரண்டு பக்கமும் ஓட்ட வந்தது.

நான் உங்கள் வீட்டுக்குள் வலது காலை வைத்து வந்ததே இல்லை. அவன் செத்த பிறகு வந்தேன். அப்போது எந்தக் காலை வைத்தேன் என்று யாரும் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று. எண்பத்து நான்கு கிலோ என்று கடையில் சொல்லியிருக்கிறீர்கள். நோய் வருவதற்கு முன்னால் அது சரி. போன டிசம்பரில் கடைசியாக ஃபெல்ட்பெர்க் மலைக்குப் போனபோது அவன் அறுபத்தொன்று. அவன் போர்டை அவனால் வளைக்க முடியவில்லை. குழந்தைகள் பழகுகிற சரிவில், வாடகைக்கு எடுத்த குட்டையான போர்டில், இரண்டு தடவை இறங்கினான். அவ்வளவுதான்.

எந்த மதீசனுக்கு வாங்குகிறீர்கள்?

வைதேகி

*

வுப்பர்டால்
7 டிசெம்பர் 2024

வைதேகிக்கு,

அறுபத்தொன்று. பதினைந்து வயதில் அவன் அந்த எடை இருந்தான்.

அந்த டிசெம்பரில் அவன் என்னோடு கதைத்தான். "வீடியோவில படம் வேண்டாம் அம்மா, நெற் சரியில்லை. ஜிம்முக்குப் போறன், கொஞ்சம் மெலிஞ்சிட்டன், நீங்கள் கண்டா ஏசுவியள்" என்றான். நான் நம்பினேன். என் பிள்ளை எனக்குப் பொய் சொல்லமாட்டான் என்று வளர்த்திருந்தேன். அந்தப் பொய்யை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கடைசிக் கிழமை என்னைக் கூப்பிட்டீர். நான் றெயின் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வாயில் குழாய் வைத்திருந்தார்கள். என் மகன் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நீர் ஒரு வருடமாக அவனோடு கதைத்துக்கொண்டிருந்தீர். தாய்க்குச் சொல்லாமல் இருக்க எப்படி மனம் வந்தது? இதற்குப் பதில் எழுதுவதானால் எழுதவும். நான் கேட்டாகிவிட்டது.

இனி அலுவல். ஐயரிடம் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தந்தா இது ஸ்ரோர் றூமிலதான் கிடக்கும் அம்மா. குடையை நான் பிடிக்கிறன், செருப்பை நான் போட்டு நடக்கிறன், அதாலதான் அது அங்க போய்ச் சேருது. இதில நான் ஏறினா நீங்கள் எனக்கும் சேர்த்துத் திவசம் குடுக்கவேண்டி வரும்."

பிறகு யோசித்துவிட்டு, "இதில ஓடத் தெரிஞ்ச ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, சாப்பாடு குடுத்து, அவற்ற கையில குடுங்கோ. அவர் ஓடினா மகனுக்குக் கிடைச்ச மாதிரி. ஓடாட்டி இல்லை" என்றார்.

ஆகவே நீர் கேட்ட கேள்விக்கு இனிப் பதில் தேவையில்லை. எண்பத்து நான்கும் இல்லை, அறுபத்தொன்றும் இல்லை. தானம் வாங்குகிறவரின் அளவுக்குத்தான் பலகை இருக்கவேண்டும். எங்கள் சமயத்துப் பிள்ளையாக, அவன் வயது மட்டில், ஒழுங்காக ஓடக்கூடிய ஒருவர் வேண்டும். எனக்கு அப்படி ஒருவரையும் தெரியாது. உமக்குத் தெரிந்திருக்கும். அளவுகளையும் எழுதவும்.

பாலாம்பிகை இராசலிங்கம்

*

வால்டோர்ஃப்
15 டிசம்பர் 2024

மாமிக்கு,

பொய்யை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் ஸ்கேன் வந்த வாரமே "அம்மாவுக்குச் சொல்லு" என்றேன். அவன் உங்களுக்கு ஃபோன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "அவள் பக்கத்தில நிக்கிறாளோ? அப்பிடியெண்டா பிறகு எடு" என்றீர்கள். அவன் வைத்துவிட்டான். பிறகு எடுக்கவில்லை. "அம்மா வந்தா அழமாட்டா வைதேகி. உன்னை விசாரிப்பா. நீ சமைச்சுக் குடுத்ததைக் கேப்பா, நீ கூட்டிக்கொண்டு போன மலையைக் கேப்பா. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க ஏலாது" என்றான். என்னிடம் சத்தியம் வாங்கினான். காப்பாற்றினேன். அதற்கான வசவு எனக்கு வரும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேட்டீர்கள். எழுதிவிட்டேன்.

ஆள் இருக்கிறார். அபிராம். ஒவ்வொரு சீசனும் எங்களோடு வந்த நண்பர். மதீசனிடம்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவர் ஹம்பேர்க்கில் வளர்ந்தவர். இப்போது ஹைடெல்பெர்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. நீங்கள் கேட்ட எல்லாம் பொருந்தும். ஆஸ்பத்திரியிலும் மாறி மாறி இருந்தவர். அங்கே நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி போட்டவர்.

எடை எழுபத்தைந்து. பூட்ஸ் நாற்பத்திரண்டரை. நாற்பத்திரண்டுதான், ஆனால் காலையில் இடது கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மாடிப்படியில் வழுக்கியதிலிருந்து. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். நீளம் நூற்றைம்பத்தைந்து போதும். அகலமானது தேவையில்லை. நடுத்தரத்தை விடச் சற்று மென்மை, முட்டிக்கு நல்லது. இடது கால் முன்னால். பூங்காவில் கொஞ்சம்தான், மலையில்தான் அதிகம். திரும்பி ஓட்டவே மாட்டார், பயம். ஆகவே ட்வின் வேண்டாம். ஒரு பக்கமாகப் போகிற போர்டு வாங்குங்கள். புதுப் பனியில் மிதக்கும், அவருக்கும் சுலபம்.

வைதேகி

*

வுப்பர்டால்
19 டிசெம்பர் 2024

வைதேகிக்கு,

நான் என் மகனின் எடையை அறியாமல் இருந்தேன் என்று எனக்குச் சொல்லிக் காட்டினீர். சரி.

இந்தப் பிள்ளையின் எடையை நான் கேட்டு ஒரு கிழமைக்குள் எழுதிவிட்டீர். யாரிடமும் கேட்டு எழுதியது போலத் தெரியவில்லை. மாடிப்படியில் வழுக்கியது எந்த மாடிப்படி? அவருடைய கணுக்கால் காலையில் வீங்கியிருப்பதை நீர் எங்கே நின்று பார்க்கிறீர்?

பதிலுக்கு ஒரு வசனம் போதும்.

பாலாம்பிகை இராசலிங்கம்

*

வால்டோர்ஃப்
3 ஜனவரி 2025

மாமிக்கு,

ஆமாம்.

ஒரு வசனம் போதும் என்றீர்கள், ஆனால் நீங்கள் அதை எப்படி வாசிப்பீர்கள் என்று தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம். செப்டம்பரிலிருந்து. மதீசன் இருந்தபோது எதுவும் இல்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மறைக்க நினைத்திருந்தால் கணுக்காலைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். எழுதும்போது எனக்கு அது தெரியவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் நான் அவரோடு வாழ்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

மாமா போனபோது மதீசனுக்கு எட்டு வயது என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு நீங்கள் பொட்டு வைக்கவில்லை, ஒரு கல்யாண வீட்டில் முன் வரிசையில் உட்காரவில்லை. எல்லோரும் உங்களை மெச்சுவதை நான் கேட்டிருக்கிறேன். அது உங்களுக்குப் பெருமை. எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். என்னால் முப்பத்துநான்கு வயதில் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தையும் ஓட்ட முடியாது.

அபிராமிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "அம்மா கூப்பிட்டா நான் போய் இருப்பன். கூப்பிடாட்டியும் கோவிக்கமாட்டன்" என்றார். வேறு ஆளைத் தேடுவதானால் தேடுங்கள். நேரம் அதிகமில்லை.

நான் திவசத்துக்கு வரவில்லை. கூப்பிட மாட்டீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வைதேகி

*

வுப்பர்டால்
3 பெப்ரவரி 2025

வைதேகிக்கு,

திவசம் முடிந்தது. நடந்ததை அறியும் உரிமை உமக்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

வேறு ஆளைத் தேடினேன். தபோதரன் ஒரு பெடியனைக் கூட்டிவந்தான். அவர் இரண்டு தரம் பனியில் நின்று படம் எடுத்திருக்கிறாராம். பலகையை வாங்கி விற்கிற முகம். அனுப்பிவிட்டேன். ஓடாவிட்டால் என் பிள்ளைக்குக் கிடைக்காது. எனக்கு உம்மீது இருக்கிற கோபத்துக்காக அவனை வெறுங்காலோடு நடக்கவிட என்னால் முடியவில்லை. ஆகவே அபிராமை நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். இதை நான் உமக்காகச் செய்ததாக ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

அதற்கு முன் கடைக்குப் போனேன். அதே தாடிக்காரர். "மகன் வரவில்லையா?" என்றார். "மகனுக்காக இன்னொருவர் ஓடுகிறார்," என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. எழுபத்தைந்து, நாற்பத்திரண்டரை, நூற்றைம்பத்தைந்து, நடுத்தரத்தை விடச் சற்று மென்மை என்று சொன்னேன். அவர் ஒரு பக்கமாகப் போகிற பலகையைத்தான் முதலில் எடுத்து வைத்தார். நீர் சொன்னதும் அதுதான். அந்த ஒன்றில் மட்டும் நான் உம்முடைய சொல் கேட்கவில்லை. முன்னும் பின்னும் ஒரே அச்சாக இருக்கிறதை எடுத்தேன். கால் கட்டும் இரண்டு பூட்டையும் எந்தப் பக்கமும் போகக்கூடியதாக, பாதங்கள் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் பூட்டித் தரச் சொன்னேன்.

அபிராம் நேரத்துக்கு வந்தார். கதவடியில் இடது காலைத்தான் முதலில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டி உடுத்துக்கொண்டு இருந்தார், ஒழுங்காக இருந்தார். மதீசனுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்திருந்தேன். வாழைக்காய்க் கறியை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் பார்க்கிறேன் என்று கண்டு, பிறகு சாப்பிட்டார். மதீசன் அதைத்தான் முதலில் சாப்பிடுவான்.

ஐயர் மந்திரம் சொல்ல, தபோதரன் பலகையில் தண்ணீர் தெளித்து அவர் கையில் கொடுத்தான். இந்த முறை தபோதரன் சிரிக்கவில்லை. அபிராம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ட்வின் எல்லோ அம்மா. நான் இடது கால். திரும்பி ஓடுறதில்லை. எனக்கு இது தேவையில்லை."

"உமக்கெண்டு வாங்கேல்லை," என்றேன்.

பலகையை மடியில் வைத்தார்.

"மலைக்குப் போற ஒவ்வொரு நாளும் ஒருக்காலெண்டாலும் வலது காலை முன்னுக்கு வைச்சு இறங்கவேணும். அது அவன்ர கால்."

"ஏலாது அம்மா. விழுவன்."

"விழுந்து பழகும்."

ஐயரைப் பார்த்தார். ஐயர் நிலத்தைப் பார்த்தார். பிறகு அபிராம், "ஓம் அம்மா" என்றார். ஐயருக்கு முன்னால், தர்ப்பை விரலில் இருக்கச் சொன்னது.

பழைய பலகையை நீரே வைத்திரும். எனக்கு வேண்டாம்.

பாலாம்பிகை இராசலிங்கம்

*

ஃபெல்ட்பெர்க்
23 பிப்ரவரி 2025

அத்தைக்கு,

மாமி என்று எழுத இன்று கை வரவில்லை.

நேற்று மலைக்கு வந்தோம். காலையில் அவர் இடது காலில் ஓட்டினார். நானும் ஓட்டினேன். நல்ல பனி. மதீசன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக, சிரிக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. மத்தியானம் என்னைக் கீழே லிஃப்ட் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, "அம்மாட்டச் சொன்னதைச் செய்திட்டு வாறன்" என்று மேலே போனார்.

விழுந்து விழுந்துதான் வந்தார். கடைசித் திருப்பத்தில் மட்டும் சரியாக வந்துவிட்டது. தூரத்திலிருந்து முகம் தெரியாது. பனிக்கண்ணாடியும் ஹெல்மெட்டும்தான். வலது கால் முன்னால், தோள் கொஞ்சம் திறந்து, பின் கை இடுப்புக்குக் கீழே. அவனிடம் கற்றுக்கொண்டவர், வேறு எப்படி நிற்பார். ஒரு கணம் நான் கையைத் தூக்கிவிட்டேன். வாயில் அவன் பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் திரும்பி நின்றேன். இன்று காலையும் அவர் இறங்கும்போது திரும்பித்தான் நின்றேன். அவர் வந்து பக்கத்தில் நிற்கும்போது அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் வரக்கூடாத கோபம்.

நீங்கள் தானம் கொடுக்கவில்லை. எனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள். மலைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் ஒரு தடவை. இதைத் தெரிந்துதான் செய்தீர்களா?

நிறுத்துங்கள் என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஐயருக்கு முன்னால சொன்னது, வைதேகி. அம்மா விடச் சொன்னா விடுறன்" என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மலைக்கு வர முடியாது. மலைக்கு வராவிட்டால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வைதேகி

*

வுப்பர்டால்
1 மார்ச் 2025

வைதேகிக்கு,

கடிதம் கிடைத்தது. ஓம், தெரிந்துதான் செய்தேன்.

விடச் சொல்லமாட்டேன்.

அவன் முதலில் பழகிய வின்ரர்பெர்க் மலை இந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஒவ்வொரு வருடமும் "ஒருக்கால் வந்து பாருங்கோ அம்மா" என்று கூப்பிட்டான். குளிர் என்றேன், அலுவல் என்றேன். நீர் வந்த பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டான். நான் பழக்கிய காலை முன்னுக்கு வைத்து என் பிள்ளை எப்படி நின்றான் என்பதை நான் ஒருநாளும் காணவில்லை.

உமக்கு அது இன்னும் காணக் கிடைக்கிறது. திரும்பி நிற்கவேண்டாம்.

பாலாம்பிகை இராசலிங்கம்